மெத்தைக்காரர் வீட்டுத் தூக்கம்

நடுராத்திரியில் விழிப்பு வந்துவிட்டால் மறுபடி தூங்குவது எப்படி என்று என்னிடம் கேட்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். மூன்று தலைமுறையாக மெத்தை தைத்து விற்கிற வீட்டின் மூத்தவனிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்காமல் வேறு யாரிடம் போய்க் கேட்பாய்? மீன் விற்கிறவனிடமா?

உட்கார், அம்மா. கடையில் இந்த நேரத்துக்கு யாரும் வரமாட்டார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மெத்தைக் கடைக்கு வருகிறவன் மெத்தை வாங்க வருவதில்லை. படுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுப் போக வருகிறான். அப்படி வந்தால் வரட்டும், அவன் தூங்கிவிடுவான். நமக்கு இடைஞ்சல் இல்லை.

நீ சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டேன். உன் அப்பா போனதிலிருந்து ராத்திரி ஒரே நேரத்தில் விழிப்பு வருகிறது. யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கிறது. அதற்குமேல் விடியும்வரை கண் மூடுவதில்லை. போன வாரம் நீ வேலை பார்க்கிற மருந்துக் கடையில் சர்க்கரை மாத்திரைக்குப் பதில் வேறெதையோ எடுத்துக் கொடுத்துவிட்டாய். வாங்கியவர் அட்டையைப் படித்துப் பார்க்கிற ரகம் என்பதால் தப்பித்தார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் நாளைக்குத் தூக்க மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறாய். அதற்கு முன்னால் பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று வந்தாய். முறையான காரியம். பெரியவர்களைக் கேட்டுச் செய்கிற பழக்கம் இந்த வீட்டில் உன்னிடம்தான் மிச்சம் இருக்கிறது.

அதனால் பதில் சொல்கிறேன். நடுவில் எதுவும் கேட்காதே. எனக்குக் கோர்வை தவறிவிடும்.

கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். 'படுத்தால் விடிந்துவிடும்.' என் அப்பா எழுதி வைத்தது. அவர் அதை விளம்பரமாக நினைக்கவில்லை. வாக்குக் கொடுத்ததாகவே நினைத்தார். கூந்தல் தைலம் விற்கிறவன் வழுக்கையாக இருக்கலாமா என்பார். தெருவைப் பார்த்த மாடி அறையில் சன்னலைத் திறந்து போட்டுப் படுப்பார். அவர் குறட்டை எதிர்ச்சாரி வரைக்கும் கேட்கும். ஏற்றம், ஒரு நிறுத்தம், பிறகு விசில் மாதிரி ஓர் இறக்கம். அந்தக் குறட்டையைக் கேட்டே மெத்தை வாங்க வந்தவர்கள் உண்டு. புது மெத்தை எதுவாக இருந்தாலும் முதல் ராத்திரி வீட்டின் மூத்தவர் அதில் படுக்க வேண்டும். காலையில் கீழே இறங்கி வந்து, வேலையாட்கள் முன்னால் 'தூங்கினேன்' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைப் பெயர் போட்ட துணித்துண்டை மெத்தை ஓரத்தில் வைத்துத் தைப்பார்கள். அவருக்குப் பிறகு அந்த அறையும் அந்த வேலையும் எனக்கு வந்தன.

குறட்டை வரவில்லை. அவருடைய தூக்கமும் வரவில்லை.

படுத்ததும் தூங்கிவிடுவேன், அதில் குறை இல்லை. ஆனால் ஊரடங்கின பிறகு பொட்டென்று விழித்துக்கொள்வேன். காரணம் எதுவும் கிடையாது. உடம்பு நன்றாக இருக்கும், மனசிலும் பாரம் இல்லை. வேலையற்றுப்போய் விழித்துக்கொள்வதுதான். விளக்குப் போட முடியாது. எதிரில் அந்த ஃபோம் மெத்தைக்காரன் கடை வைத்த நாளிலிருந்து அவனுடைய காவலாளி என் சன்னலைப் பார்த்துத்தான் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் அறையில் விளக்கு எரிந்தால் காலையில் ஊர் முழுக்க ஒரே பேச்சாகிவிடும். அதனால் இருட்டில் மல்லாந்து படுத்து, வாய் வழியாகக் குறட்டை விடப் பழகினேன். ஏற்றம், நிறுத்தம், விசில். அப்பாவுக்குத் தூக்கத்தில் தானாக வந்ததை நான் விழித்திருந்து கைத்தொழிலாகச் செய்தேன். தொண்டை வறண்டுபோகும். காவலாளி திருப்தியாக இருந்தான்.

உன் பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். விழித்துக்கொண்டதும் அவளைத் தட்டி எழுப்பி, "வாசக் கதவு பூட்டினியா?" என்பேன். அவள் கீழே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். தண்ணீர் குடிப்பாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அந்த வளையல் சத்தத்திலேயே எனக்குக் கண் சொருகிவிடும். வருஷக்கணக்காக இப்படி நடந்தது. ஒரு தடவை கேட்டாள்: "பூட்டாம இருந்தாத்தான் என்ன? மெத்தையத் தூக்கிட்டு எவன் ஓடப்போறான்?" நியாயமான கேள்விதான். ஆனாலும் எழுந்து போய்ப் பார்த்தாள். அவள் சாகும்வரை அந்தக் கதவு பூட்டாமல் இருந்ததே இல்லை.

அவள் போன பிறகுதான் எனக்கு விழுந்தது அடி. நீ இப்போது செய்து பார்ப்பதை எல்லாம் நானும் செய்தேன். வெந்நீரில் கால் வைத்தேன். பால் குடித்தேன். தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினேன். மூச்சை எண்ணினேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று யோசித்ததில் இருந்த தூக்கமும் போயிற்று. கடைசியில் பஸ் ஏறித் தொலைவில் ஒரு மருத்துவரிடம் போனேன். பெயரை மாற்றிச் சொன்னேன். தொழில் என்ன என்று கேட்டபோது சிமெண்ட் வியாபாரம் என்றேன். மனிதர் நிதானமாக எல்லாம் கேட்டுவிட்டு, "மெத்தையை மாத்திப் பாருங்க. நல்ல பஞ்சு மெத்தை போட்டா சரியாயிடும்" என்று ஒரு சீட்டில் கடைப் பெயர் எழுதிக் கொடுத்தார். நம் கடைதான்.

அந்தச் சீட்டைப் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, மறுக்கவில்லை.

பிறகு ஒரு ராத்திரி விழித்துக்கொண்டபோது, பக்கத்து அறையில் என் மகன் நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு ஏதோ வேலைக் கவலை. செருப்பில்லாத கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன், எப்போது தூங்கினேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த நாள் அவன் கவலை தீர்ந்துவிட்டது, எனக்குத் தூக்கம் இல்லை. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கதவும் இல்லை, வளையலும் இல்லை. வீட்டில் வேறு யாராவது விழித்திருந்தால் நான் தூங்கிவிடுவேன். அவ்வளவுதான் வைத்தியம். ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால் மற்றவர் கண் மூடலாம் இல்லையா? பச்சைக் குழந்தை தூங்குவதும் அப்படித்தானே.

ஒருவரைத் தூங்கவிடாமல் செய்வதற்குச் சத்தம் போட வேண்டியதில்லை, சண்டை போட வேண்டியதில்லை. நம் குடும்பத்தில் யாரும் அப்படிக் கீழிறங்கினதில்லை. சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் ஒரே ஒரு வாக்கியம் போதும்.

"உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும். இப்ப வேணாம், காலைல பேசிக்கலாம்."

குரலில் கோபம் கூடாது. கோபம் இருந்தால் என்ன விஷயம் என்று அவர்களே ஊகித்துவிடுவார்கள். சிரிப்பும் கூடாது. கையைத் துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு மாடி ஏற வேண்டும். மூத்தவர் சொல்கிற வார்த்தை என்பதால் தடுத்து நிறுத்திக் கேட்கவும் மாட்டார்கள். மரியாதை தெரிந்த வீட்டில்தான் இந்த வைத்தியம் பலிக்கும்.

முதலில் என் மகனுக்குக் கொடுத்தேன். விடிகிறவரை அவன் அறையில் கட்டில் கிறீச்சிட்டது, நான் அரசன் மாதிரி தூங்கினேன். காலையில் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக வந்து நின்றான்.

"என்னப்பா விஷயம்?"

"என்ன விஷயம்?"

"ராத்திரி சொன்னீங்களே."

"அதுவா? மறந்துபோச்சு. பெருசா ஒண்ணும் இல்ல."

மருமகளிடம் பலிக்கவில்லை. "காலைல எதுக்கு மாமா, இப்பவே சொல்லுங்க" என்று துடைப்பத்தோடு எதிரில் நின்றுகொண்டாள். அவசரத்துக்கு எதுவும் தோன்றாமல், குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன். "அவ்வளவுதானா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்து அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டாள். அவள் பிறந்த வீட்டில் பெரியவர் பேச்சுக்குப் பயம் கிடையாது. அந்த மாதிரிக் குடும்பங்களில் தூக்கத்துக்கும் குறைவில்லை.

ஆக, வைத்தியத்துக்கு மிஞ்சியது என் மகன், உன் அப்பா, உன் அம்மா, எப்போதாவது நீ. உனக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒரு தடவை. அது என் கவனக் குறைவு, பரீட்சை என்று எனக்குத் தெரியாது. பொதுவாக நான் நியாயம் பார்த்தேன். ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த நாள் கொடுத்ததில்லை. காய்ச்சல்காரர்களை விட்டுவிடுவேன். வரி போடுகிறவர்கள்கூட இவ்வளவு யோசிக்கமாட்டார்கள். இருந்தாலும் வீட்டில் எல்லோர் முகமும் வெளிறிக்கொண்டுதான் வந்தது. வாடிக்கையாளர் ஒருவர் என் மகனைப் பார்த்து, "மெத்தக் கடையில உக்காந்துட்டுக் கொட்டாவி விடுறீங்களே, தம்பி" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கடை மானம் போகிற மாதிரிக் கொட்டாவி விடுவதா என்று அவனை உள்ளே கூப்பிட்டுக் கண்டித்தேன். அதற்குப் பிறகு அவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு மனைவியோடு போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் குடும்பத் தொழிலில் பற்று இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை நானே நம்பவும் செய்தேன்.

மகன் போனதும் சுமை உன் அப்பா மேல் விழுந்தது.

உன் அப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் மெத்தையில் படுத்துப் பெயர் வாங்கினேன், அவன் மெத்தையைச் செய்தான். பஞ்சு அடிக்கிற அறையில் முப்பது வயதுக்குள் அவன் நெஞ்சு கெட்டுப்போயிற்று. இளைப்பு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். முகத்தில் துணி கட்டிக்கொள்ளடா என்று நான் சொல்லியிருக்கிறேன். வாசல் பக்கம் வராதே, வாங்க வருகிறவர்கள் இருமலைக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் அவன் கேட்டான். என் வார்த்தைக்கு எதிர்வார்த்தை பேசினதே இல்லை. என் வைத்தியத்துக்கு அவனைப் போல ஒத்துவந்த உடம்பு வேறு கிடையாது. வாக்கியம் சொன்னால் போதும், கீழ் அறையில் நடக்க ஆரம்பித்துவிடுவான். காலையில் கேட்கக்கூடக் கேட்கமாட்டான். நானாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பான்.

அன்றைக்கு உன் அம்மா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நீ மாடியில் பின்பக்க அறையில் படுத்திருந்தாய். நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்றுவிட்டு வந்த களைப்பு. சாப்பிட்டு எழுந்ததும் வழக்கம்போல உன் அப்பாவிடம் சொன்னேன்.

"சின்னவனே, உன்கிட்ட ஒண்ணு பேசணும். காலைல பேசிக்கலாம்."

வழக்கத்துக்கு மாறாக அவன் முகம் கறுத்துவிட்டது. "யார்ண்ணா சொன்னாங்க?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மூத்தவன் புரியாமல் விழிக்கலாமா? "காலைல" என்று அழுத்திச் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டேன்.

வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. கீழே அவன் நடந்துகொண்டிருந்தான். நல்லது என்று திரும்பிப் படுத்தேன். ஆனால் அன்றைக்கு அந்த நடை படியேறி வந்தது. என் கதவுக்கு வெளியே நின்றது. மூச்சு விசிலடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு தட்டுத் தட்டினான்.

"அண்ணா. முழிச்சிருக்கியா?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் முழித்திருக்கிறேன் என்று ஆகிவிடும்.

"அண்ணா, மூச்சு முட்டுது. மருந்து தீந்துபோச்சு. கூட வாயேன், டாக்டர் வீடு வரைக்கும்."

அந்தச் சமயத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை உள்ளபடி சொல்கிறேன். கதவைத் திறந்தால் விளக்குப் போட வேண்டும். விளக்குப் போட்டால் எதிரில் காவலாளி. இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தால் மெத்தைக்காரர் வீடே நடுராத்திரியில் உலாத்துகிறது என்று காலையில் ஃபோம் கடையில் சிரிப்பார்கள். தவிர, அவனுக்கு இளைப்பு வருவதும் போவதும் புதிதல்ல. இப்படி எல்லாம் யோசித்துவிட்டு நான் குறட்டை விட்டேன். ஏற்றம், நிறுத்தம், விசில். அவன் சந்தேகப்படக் கூடாதே என்று வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே விட்டேன்.

அவன் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "சரி, தூங்கு. காலைல பேசிக்கலாம்."

கேலி இல்லை. உன் அப்பாவுக்குக் கேலி வராது. அண்ணனை எழுப்பக் கூடாது என்று நிஜமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். படியிறங்கிப் போனான். தெருக் கதவைத் திறப்பான் என்று பார்த்தேன், திறக்கவில்லை. அவ்வளவு தூரம் முடியவில்லை போலிருக்கிறது. கடைக்குள் மெத்தைக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டான். அந்தக் கட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தமும் அவன் மூச்சுச் சத்தமும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

இதுவரைக்கும் சொன்னதற்கு நீ என்னை மன்னித்தாலும் மன்னிக்கலாம். அடுத்ததை மட்டும் எப்படிச் சொல்வது என்றுதான் இத்தனை நாளும் யோசித்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கிவிட்டேன். உன் பெரியம்மா போன பிறகு அப்படி ஒரு தூக்கம் எனக்கு வாய்த்ததில்லை.

சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டேன்.

நின்றுவிட்டது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அப்போதாவது இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் விடிவதற்கு முன்னால் மூத்தவர் கீழே இறங்குகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லை. அதனால் படுத்திருந்தேன். வீட்டில் விழித்திருக்க வேறு ஆள் இல்லாததால் அதற்குமேல் தூக்கம் வரவில்லை. எனக்கும் அது கஷ்டமான ராத்திரிதான்.

காலையில் வேலையாட்கள் வந்து கடையைத் திறந்து அலறினார்கள். நீ ஓடி வந்தாய். நான் கடைசியாக இறங்கினேன். அவர்கள் எல்லோரும் அவனைச் சுற்றி நிற்க, நடுவில் நின்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'தூங்கினேன்' என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. உடனே எல்லோரும் அழுதார்கள். "பெரியவர் அசந்து தூங்கற ஆளு, பாவம், அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்" என்றார்கள். எடுக்கிறவரை வந்தவர் போனவர் எல்லோரும் என் தூக்கத்தைப் பற்றியே பேசினார்கள். எதிர்க் கடைக் காவலாளி வந்து கையைக் கட்டிக்கொண்டு, ராத்திரி பெரியவர் குறட்டையைத் தன் காதால் கேட்டதாகச் சாட்சி சொன்னான். துக்க வீடு என்பதால் தலையைக் குனிந்துகொண்டேன். குனியாவிட்டால் என் பெருமை எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

ஃபோம் கடைக்காரனும் வந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உன் அப்பா அவனிடம் வேலை கேட்டிருந்ததாகச் சொன்னான். பஞ்சுத் தூசி இல்லாத இடமாகப் பார்த்துப் போகச் சொல்லி நீதான் அனுப்பினாயாம். அதுதான் அவன் முகம் கறுத்ததற்குக் காரணம். எனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துத்தான் அன்றைக்கு அப்படி நடந்திருக்கிறான். எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்திருந்தால் அன்று ராத்திரி என்னாலும் தூங்கியிருக்க முடியாது. என் கூடப்பிறந்தவன் தெருவைத் தாண்டிப் போய் ஃபோமுக்கு உறை போடுவதா?

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அப்பா கூப்பிட்டு உனக்குக் கேட்கவில்லை என்றும், எதிர்க் கடையில் வேலை கேட்கச் சொல்லி அவனைக் கவலையில் தள்ளியது நீதான் என்றும் நினைத்து நினைத்து நீ விழித்துக்கொள்கிறாய். இரண்டும் தேவையில்லாதது. அவன் உன்னைக் கூப்பிடவே இல்லை. என்னைத்தான் கூப்பிட்டான், எனக்குக் கேட்டது. நீ சொன்னது நல்ல யோசனைதான். இன்னும் கொஞ்சம் முன்னால் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பான். இனிமேல் நடுராத்திரியில் விழிப்பு வந்தால் இதை நினைத்துக்கொள். மனசில் குற்றம் இல்லாதவர்களுக்குத் தூக்கம் தானாக வரும். எனக்கே பாதி நாள் வருகிறது.

அழுகிறாயா? அழு. பிறகு என்ன செய்ய வேண்டும் என்று தோன்றுகிறதோ அதைச் செய். உன் அம்மாவிடம் சொல். போலீஸிடம் போ. கடைவாசலில் நின்று என் அப்பாவைக் கொன்றது பெரியப்பாதான் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல். நான் மறுக்கமாட்டேன், தலை நிமிர்ந்து நிற்பேன். கோபக்கார அண்ணன், பொறாமை பிடித்த அண்ணன், கல்நெஞ்சன், எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஓர் ஆள் இருந்திருக்கிறான், குடும்பம் அழிந்துவிடவில்லை.

நாளைக்கு அந்தத் தூக்க மருத்துவரிடம் மட்டும் போகாதே. அங்கே பெயர் கேட்பார்கள், எந்த வீட்டுப் பெண் என்று கேட்பார்கள். உனக்குச் சிமெண்ட் என்று சொல்லத் தெரியாது. இத்தனையும் நான் வாய் திறந்து சொன்னது எதற்காக என்று நினைக்கிறாய்?

இன்னொன்று. போலீஸ் கேட்டால், நான் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்ததாகவும், உன் அப்பா கதவைத் தட்டின பிறகுதான் கண் விழித்ததாகவும் சொல். விழித்த பிறகும் வேண்டுமென்றே திறக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லிக்கொள். தட்டுவதற்கு முன்பே விழித்துக்கொண்டிருந்தேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே, அம்மா. மெத்தைக்கு அது அவ்வளவு நல்லதில்லை.